பிந்தி வரும் முகம்

எங்கள் வீட்டுக் கணினி கலகெதரவிலிருந்து பஸ்ஸில் வந்தது. கட்டில் விரிப்பில் சுற்றியபடி மாமாவின் மடியில் உட்கார்ந்து வந்தது. கைக்குழந்தை என்று நினைத்து யாரோ ஒரு அம்மா எழுந்து மாமாவுக்கு இடம் கொடுத்தாராம். மாமா சொல்லும் கதைகளில் பாதியை நம்பலாம். இது எந்தப் பாதி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கண்டி நகரில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்தக் கடை முதலாளிக்குக் கலகெதரவில் இன்னொரு தொழில் இருந்தது. அரசாங்க அலுவலகங்களில், கந்தோர்களில் கழித்துவிட்ட பழைய கணினிகளை ஏலத்தில் எடுத்து, உடைத்து, உதிரியாக விற்பார். உடைபடக் காத்திருந்தவற்றில் ஒன்றைத்தான் மாமா கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். வாங்கியதற்குக் காரணம் அம்மா.

அம்மா அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். என் தம்பி நடக்கப் பழகிய புதிதில் போனவள். எனக்கு அம்மாவின் முகம் நன்றாக ஞாபகம் இருந்தது. தம்பிக்கு அம்மா என்றால் போன். யாராவது போனைக் காட்டி, "யாரு?" என்று கேட்டால் "அம்மா" என்பான். பக்கத்து வீட்டு அங்கிளின் போனைப் பார்த்தும் அப்படியே சொன்னான். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பாவின் தங்கையான அத்தைதான் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டாள்.

நாங்கள் இருந்தது ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசிக் காம்பிராவில்; அந்த ஒரே அறைதான் வீடு. மழை இல்லாத நாளில் வாசலில் நின்றால் கீழே கண்டி வாவி தெரியும். மழை இல்லாத நாள் குறைவு. வீட்டில் ஒரேயொரு பிளக் இருந்தது. அதில் மாதா படத்துச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமா விரிப்பை அவிழ்த்து, பெட்டியையும் திரையையும் மேசையில் வைத்துவிட்டு, முதல் வேலையாக மாதாவின் விளக்கைக் கழற்றினார்.

"மாதாவ இருட்டுல வச்சிட்டு என்ன கம்பியூட்டரு வேண்டியிருக்கு?" என்றாள் அத்தை.

"மாதாவும் புள்ளைய விட்டுப் பிரிஞ்சு கஷ்டப்பட்டவங்கதானே. கோவிச்சுக்க மாட்டாங்க," என்றார் மாமா.

இப்படி வாய்க்கு வாய் கொடுத்துக்கொண்டிருந்த இந்த இருவரும்தான் பின்னாளில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அது வேறு கதை.

அந்தப் பெட்டிக்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஏலத்தில் விற்குமுன் கந்தோர்க்காரர்கள் அதைக் கழற்றிவிட்டார்கள். அதாவது, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் பாகம் அதில் இல்லை. அப்படிப்பட்ட பெட்டி எப்படி ஓடும் என்று அப்பா கேட்டார். மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு சீடியை எடுத்தார். லினக்ஸில் ஒரு குட்டி வகையாம். இந்த சீடிக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது, பெட்டியைப் போட்டதும் உள்ளே போய்க் குடியிருக்கும், நிறுத்தியதும் எழுந்து வந்துவிடும் என்றார்.

"மத்தவங்க போடுறது பெரிய தொரை மாதிரி. அதுக்கு பங்களா வேணும், சமைக்க அப்பு வேணும், தோட்டக்காரன் வேணும். பழைய பெட்டிக்குள்ள கால வைக்காது. இது நம்ம ஆளு. ஒத்தக் காம்பிராவுல குடும்பம் நடத்தும்."

"எவ்வளவு குடுத்தீங்க?" என்றாள் அத்தை.

"சும்மா."

"சும்மா யாரு குடுப்பா? வீடு வீடா வேதப் புத்தகம் குடுக்கிற சபைக்காரங்களா?"

"ஒலகம் பூரா இருக்கிறவங்க, ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா எழுதி, வேணும்னா எடுத்துக்கங்கன்னு போட்டிருக்காங்க."

"அவங்க வீட்டுல பொம்பளைங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?" என்றார் அப்பா.

எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. எங்கள் மலையில் எல்லோரும் கொழுந்து பறித்து ஒரே லொறியில்தான் கொட்டுகிறார்கள். கலந்த பிறகு எது யாருடைய கை பறித்தது என்று யாரால் சொல்ல முடியும்? அது மாதிரி, முகம் தெரியாத யார்யாரோ அவரவர் ஊர் மூடுபனியில் நின்று ஆளுக்கு ஒரு பிடி பறித்துப் போட, அது எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் அந்த முகம் தெரியாதவர்களுக்கு நான் மனசுக்குள் முகம் வைத்துக்கொண்டிருந்தேன்.

சீடி சுழன்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழைபோல இறங்கின. கொஞ்ச நேரம் கழித்து நீல வெளிச்சம் வந்தது, அதில் ஒரு நாய்க்குட்டியின் படம். அது உண்மையில் குரைத்துக்கொண்டுதான் வருமாம். ஆனால் பெட்டியில் சத்தத்துக்கான பாகமும் செத்துப்போயிருந்தது. "அது கொரைக்குது, நமக்குத்தான் கேக்கல்ல," என்றார் மாமா. பார்த்துக்கொண்டிருந்த தம்பி, அதற்குப் பதிலாகத் தானே "வவ்" என்றான். அன்றிலிருந்து கணினி தொடங்கும்போதெல்லாம் குரைப்பது அவன் பொறுப்பாயிற்று. எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் ஓடிவந்து குரைத்துவிட்டுப் போவான்.

அந்தத் திரைக்குள் எனக்குக் கிடைத்தது படம் வரையும் பலகை. கீழ்ப்பக்கச் சரிவில் அப்பா எங்களுக்கென்று ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருந்தார். அம்மா அனுப்பியதில் எழும்பிய அத்திவாரம். அதன்மேல் சுவர் எழுப்பி, சிவப்புக் கூரை போட்டு, கதவில் பூ வைத்து ஒரு வீடு வரைந்தேன். மாமா பெட்டியை நிறுத்தினார். அடுத்த நாள் போட்டால் வீட்டைக் காணவில்லை. நான் அழுத அழுகையில் அடுத்த காம்பிராவிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"இது ஞாபகம் இல்லாத ஆளுடா. நேத்து வரைஞ்சது நேத்தோட. இன்னைக்குப் புதுசா வரை," என்றார் மாமா.

நிறுத்தும்போது அந்தப் பெட்டி ஒரு கேள்வி கேட்கும்: செய்ததையெல்லாம் வைத்துக்கொள்ளவா, வேண்டாமா? வைத்துக்கொள்ள அதனிடம் இடமே இல்லை. இருந்தாலும் மரியாதைக்குக் கேட்கும். வேண்டாம் என்று அழுத்தும் உரிமையை மாமா எனக்குக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டைக் கட்டி, நானே அதை மறக்கச் சொல்லிவிட்டு எழுந்து போவேன். கொஞ்ச நாளில் அது பழகிவிட்டது. சொல்லப்போனால், மறுநாள் வெறும் நிலத்தைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கக்கூடத் தொடங்கியது.

அம்மாவைப் பார்க்கும் நாள் வெள்ளிக்கிழமை. அங்கே பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வீடே உறங்குமாம். அந்த வீட்டு மூத்த பெண் நல்லவள். தன் கணினியை அந்த நேரம் அம்மாவுக்குக் கொடுப்பாள். இங்கே அப்பா தொழிற்சாலையிலிருந்து வந்து தேத்தண்ணி குடித்து முடித்திருப்பார். இன்டர்நெட்டுக்கு ஒரு டொங்கிள் இருந்தது. எங்கள் காம்பிராவுக்குள் அதற்கு உயிர் வராது. மாமா அதை நீண்ட வயரில் மாட்டி, அத்தை பொரிக்கும் தாச்சிச் சட்டிக்குள் வைத்து, சட்டியை ஜன்னலுக்கு வெளியே நகரத்தைப் பார்த்துக் கட்டித் தொங்கவிட்டார். அப்போது சிக்னல் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பொரியல் கிடையாது.

பெட்டியில் சத்தம் இல்லாததால் அம்மாவின் குரல் போனில் வரும், முகம் திரையில் வரும். போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போடுவார் மாமா. அம்மா அங்கே தன் போனைத் தலையில் கட்டிய துணிக்குள் காதோடு செருகிக்கொள்வாள். பழைய பெட்டி, தாச்சிக்குள் இருக்கும் டொங்கிள், இரண்டும் சேர்ந்து படத்தை இழுத்துக்கொண்டு வர நேரம் எடுக்கும். குரல் முதலில் வந்துவிடும். முகம் பிந்தித்தான் வரும்.

எவ்வளவு பிந்தும் என்பதை அளந்து சொன்னது அத்தை. அவளுக்கு மணிக்கூடு செபம்தான். முட்டை அவியப் பத்து அருள் நிறைந்த மரியே, பால் பொங்க ஐந்து. "வெயில்னா பாதி அருள் நிறைந்த மரியே. மப்புன்னா முழுசு," என்று முதல் வாரமே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். அது சரியாகவே இருந்தது. அம்மா போனில் சிரிப்பாள். நான் மனசுக்குள் செபத்தைத் தொடங்குவேன். "தூய மரியே" என்று மறுபாதி தொடங்கும் இடத்தில் திரையில் அம்மாவின் பல் தெரியும்.

இதை யாரும் எனக்கு விளக்கத் தேவைப்படவில்லை. குவைத்தில் நேரம் நமக்குப் பிந்தியது என்று மாமா ஏற்கெனவே சொல்லியிருந்தார்; இங்கே சாயங்காலம் என்றால் அங்கே இன்னும் மத்தியானம்தானாம். அப்படியானால் அம்மா பிந்தித் தெரிவதில் என்ன ஆச்சரியம்? பனி வந்து ஜன்னலை மூட, நீல வெளிச்சத்தில் மெதுவாகத் தலையைத் திருப்பும் அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பது கனவு மாதிரி இருக்கும். கனவிலும் அப்படித்தானே, நாம் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

தம்பிக்கு அம்மா இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். ஒருத்தி போன் அம்மா, இன்னொருத்தி பொட்டி அம்மா. அவனோடு விளையாட அம்மாவுக்கு ஒரே ஒரு விளையாட்டுத்தான் முடிந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு "அம்மா காணோம்" என்பாள். பிறகு கையை எடுத்து "இந்தா இருக்கேன்" என்பாள். போன் அம்மா "காணோம்" என்று சொல்லும்போது பொட்டி அம்மா முழுசாகத் தெரிந்துகொண்டிருப்பாள். "இந்தா இருக்கேன்" என்று குரல் வரும்போதுதான் முகம் மூடும். தம்பி குரலை நம்புவதை விட்டுவிட்டான். கை விலகி முகம் வெளியே வரும்வரை பொறுமையாக இருந்து, அதற்குப் பிறகுதான் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காக அம்மா அங்கே காத்திருப்பாள்.

அப்பா மட்டும் திரைக்கு முன்னால் வரமாட்டார். கதவு நிலையில் சாய்ந்து நின்று குரலை மட்டும் கேட்பார். "பழைய செய்திய யாரு பாப்பா?" என்பார். அவர் கேட்கிற கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "ஒடம்பு எப்பிடி இருக்கு?" அம்மாவின் பதிலும் ஒன்றுதான்: "எனக்கென்ன, நல்லா இருக்கேன்."

அம்மாவின் ஒப்பந்தம் முடிய இருந்தது. டிசம்பரில், இயேசு பிறந்த நத்தாருக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் வரையும் வீட்டின் வாசலில் அதற்குள்ளேயே நத்தார் மரம் முளைத்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மலை இருட்டிக்கொண்டு கிடந்தது. "இன்னைக்கு ரெண்டு அருள் நிறைந்த மரியே," என்று அத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டாள். மாமா டொங்கிளுக்கு ஒரு பொலித்தீன் பையைப் போர்த்தித் தாச்சியில் வைத்தார். தம்பி குரைத்தான். குரல் வந்தது. நெடுநேரம் கழித்து முகமும் வந்தது.

அம்மா அன்றைக்கு நிறையப் பேசினாள். நிறையச் சிரித்தாள். மேடம் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்ததைச் சொன்னாள். தம்பியோடு காணோம் விளையாடினாள். பிறகு சும்மா ஒரு விஷயத்தைச் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"மேடம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நான் சரின்னுட்டேன். செவரு எழுப்பி, கூரையும் போட்டுறலாமில்ல. எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல. நல்லாத்தான் பாக்குறாங்க."

அப்பா கதவு நிலையிலிருந்தபடியே, "ஒனக்குச் சரின்னா சரி," என்றார்.

"எனக்குச் சரிதாங்க," என்றாள் அம்மா. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். "இங்க எந்திரிக்கிறாங்க போல. வைக்கிறேன்."

போன் நின்றது. அப்பா வெளியே இறங்கிப்போனார். அத்தை அடுப்படிக்குப் போனாள், அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும். மழைத்துளி விழத் தொடங்க, மாமா டொங்கிளைக் காப்பாற்ற வெளியே ஓடினார். போன் அம்மா போய்விட்டாள், பேச்சு முடிந்தது என்று பெரியவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஆனால் பொட்டி அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். கதிரையில் நானும் தம்பியும் மட்டும் இருந்தோம்.

வாய் அசைந்தது. சிரித்தாள். கூரை என்று சொல்லும்போது போலிருக்கிறது, கையால் மேலே காட்டினாள். பிறகு தலைத்துணிக்குள்ளிருந்து போனை எடுத்தாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மேசையில் வைத்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அம்மா காணோம்," என்றான் தம்பி.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லோரும் போனபிறகு எங்கள் இருவருக்கும் மட்டும் இன்னொரு ஆட்டம் என்று நினைத்தேன். நாங்கள் காத்திருந்தோம். நான் செபத்தைத் தொடங்கினேன். ஒன்று முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. அம்மா கையை எடுக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. ஒளிந்துகொண்டு சிரிப்பை அடக்கினால் எனக்கும் தோள் அப்படித்தான் குலுங்கும். "அம்மா சிரிக்கிறா, இப்ப எடுத்துருவா பாரு," என்று தம்பிக்குச் சொன்னேன். அவனும் சிரிப்பதற்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து மாமா வெளியே தாச்சியைக் கழற்றிவிட்டார். படம் அப்படியே நின்றுவிட்டது.

நனைந்த தாச்சியோடு மாமா உள்ளே வந்தபோது நான் அவரோடு சண்டைக்குப் போனேன். "ஏன் மாமா கழட்டுனீங்க? அம்மா இன்னும் கைய எடுக்கவே இல்ல."

மாமா திரையைப் பார்த்தார். தாச்சியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தாச்சியைத் தரையில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கிப்போய், அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பா முதன்முறையாக அந்தத் திரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இது எப்ப?" என்று என்னைக் கேட்டார். "போன வைக்க முந்தியா, வச்சப்புறமா?"

"வச்சப்புறம். நாங்க வெளையாடிக்கிட்டிருந்தோம். அம்மா சிரிக்கிறாப்பா. தோளு குலுங்கிச்சு."

"ஆமா," என்றார் அப்பா.

அவர் நின்றுகொண்டே இருந்தார். அத்தையும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவசரமாகத் தம்பியைத் தூக்கிக்கொண்டாள். கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. நீல வெளிச்சம் அப்பாவின் முகத்தில் விழுந்து, அவரும் படத்துக்குள் இருக்கிற ஆள் மாதிரி இருந்தார்.

"மாப்ள, இத அழிக்கிறதுன்னா என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யத் தேவல்ல மச்சான். நிப்பாட்டுனாலே மறந்துரும்."

"அப்ப நிப்பாட்டு."

பெட்டி தன் வழக்கமான கேள்வியைக் கேட்டது. வைத்துக்கொள்ளவா, வேண்டாமா? அன்றைக்கு நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அம்மாவை அந்த நிலையிலேயே வைத்திருந்தால் அடுத்த வெள்ளி கையை எடுப்பாள், ஆட்டம் முடியும் என்பது என் கணக்கு. அப்பா குனிந்து, எது என்று மாமாவிடம் கேட்டு, வேண்டாம் என்பதைத் தானே அழுத்தினார். திரை கறுத்தது. அப்பாமேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அன்றிரவு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தேன்.

அடுத்த நாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு மலைப்பாதையின் மேல் வளைவுக்குப் போனார். அங்கே போன் தெளிவாகக் கேட்கும். மிஸ்ட் கோல் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா எடுத்ததும் அப்பா சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"கம்பியூட்டரு செத்துப்போச்சு. இனிமே ஒன் மொகம் தெரியாதாம். செய்யவே ஏலாதுன்னு ஒன் தம்பி சொல்லிட்டான். சின்னவன் மறந்துருவான். போதும், நீ பொறப்பட்டு வா." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்ல, வேற ஒண்ணும் இல்ல. அதான் சொல்றேனே, கம்பியூட்டரு. அத்திவாரம் எங்கயும் ஓடிப்போகாது. மேடத்துக்கிட்ட நீயே சொல்லு, இல்லாட்டி நான் பேசுறேன்."

"அப்பா, அது சாகல்லையே," என்றேன் நான். அப்பா குடைப்பிடியோடு சேர்த்து என் கையை இறுக்கிப் பிடித்தார்.

அதற்குப் பிறகு நடந்த அநியாயத்தை என்னவென்று சொல்வது. நல்லபடி ஓடிக்கொண்டிருந்த கணினியைக் கட்டில் விரிப்பால் மூடிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்தது; முகம் வரவில்லை. மாதாவின் விளக்கு எல்லா நாளும் எரிந்தது. வீட்டில் பொரியல் வந்தது. போன் அம்மா மட்டும் வந்தாள், இப்போது அவளும் அதிகம் சிரிக்கவில்லை. லயத்து ஆட்கள் மாமாவிடம், "என்னா தம்பி, ஒங்க கம்பியூட்டரு?" என்று கேட்டால், அதைப்பற்றிப் பெருமையடிக்காமல் சோறே இறங்காத மனிதர், "ஆமாண்ணே, செத்துப்போச்சு. பழசுதானே," என்றார். அதைவிட விசித்திரம் அத்தை. அவரைக் கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவளோ, "பாவம், நல்லாத்தான் ஓடுச்சு," என்று சொல்லி அவருக்கு இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றினாள். பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு செய்தேன். நான் அந்த விரிப்புக்குள் கையை விட்டுப் பெட்டியைத் தடவிக் கொடுப்பேன். உலகம் பூரா இருந்து ஆளுக்கொரு பிடி போட்டவர்கள் இதைக் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்கள் என்று கவலையாக இருந்தது.

நத்தாருக்கு முன்னால் அம்மா வந்தாள்.

வேனிலிருந்து இறங்கியவள் நான் ஞாபகம் வைத்திருந்ததைவிடக் குட்டையாக, மெலிந்து இருந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். சவர்க்காரமும் ஏதோ தெரியாத அத்தரும் கலந்து மணத்தாள். தம்பி அத்தையின் கால்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. அவனுக்குத் தெரிந்த அம்மாக்கள் இரண்டு பேர், இவள் மூன்றாவது ஆள். அம்மா வற்புறுத்தவில்லை. "பழகட்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். சுற்றிப் பார்த்தாள். விரிப்பு போர்த்திய மேசையில் கண் நின்றது.

"இதுதானா செத்துப்போனது?"

"ஆமாக்கா," என்றார் மாமா.

"என்ன ஆச்சு?"

"அது... உள்ளுக்குள்ள எரிஞ்சு போச்சு. பழசு பாருங்க. ஒண்ணும் செய்ய ஏலாது."

"ஆமா, எரிஞ்சுதான் போச்சு," என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. எத்தனை மாதம் பொறுப்பது? மாதாவின் விளக்கைக் கழற்றினேன். விரிப்பை இழுத்துப் போட்டேன். அலுமாரி மேலிருந்த சீடியைக் கதிரையில் ஏறி எடுத்தேன். மாமா "ஏய், ஏய்," என்றார். ஆனால் எழுந்து வரவில்லை. சீடி சுழன்றது. வெள்ளை எழுத்துகள் மழையாக இறங்கின. நீல வெளிச்சம் வந்தது, நாய்க்குட்டி வந்தது. அத்தையின் பாவாடைக்குப் பின்னாலிருந்து, பழைய கடமை மறக்காமல், "வவ்" என்று ஒரு சத்தம் வந்தது.

அம்மா திரையைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை, துடைத்துவைத்த பலகைபோல வெறுமையாக இருந்தது. பிறகு மாமாவைப் பார்த்தாள். அவர் சீடி உறையைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். அத்தையைப் பார்த்தாள், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியாக அப்பாவைப் பார்த்தாள். அப்பா பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லி வாளியைத் தூக்கினார். வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.

அம்மா அந்த நிறைந்த வாளியைப் பார்த்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அம்மா காணோம்," என்றான் தம்பி. அத்தையின் பின்னாலிருந்து வெளியே வந்து, ஒவ்வொரு அடியாக அவளுக்கு எதிரே போய் நின்று, பொறுமையாகக் காத்திருந்தான். பழக்கதோஷத்தில் நானும் செபத்தைத் தொடங்கினேன். "தூய மரியே" வரைகூடப் போகவில்லை. அம்மா கையை எடுத்துவிட்டாள்.

"இந்தா இருக்கேன்."

குரலும் முகமும் ஒன்றாக வந்தன. முகம் முழுக்க ஈரமாக இருந்தது. தம்பி சிரித்துக்கொண்டே போய் அவள் மடியில் விழுந்தான்.

கணினி சாகவில்லை என்பது தெரிந்து அம்மாவுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் பக்கம் நியாயம் இருந்ததை இப்போதாவது எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். "நாந்தான் அப்பவே சொன்னேனே, இது நல்லாத்தான் இருக்குன்னு," என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். அப்பா நிறைந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.